ஸ்லீவா, பைபாஸா: சேகருக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
ஜூலை 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸப்பில் பேசி அனுப்பாமல் மூன்று பக்கம் கையால் எழுதியிருக்கிறாய் என்றதுமே விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. முதலில் நல்ல செய்தி. நிவேதாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் சரோஜா அப்போதே என்ன புடவை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் வருகிறோம். இங்கே ஆனித் தேர் முடிந்து ஊர் இப்போதுதான் அடங்கியிருக்கிறது. பெரியவன் வடம் பிடிக்கப் போனான். நான் கடையை விட்டு நகர முடியவில்லை. சின்னவனுக்கு பி.பார்ம் கடைசி வருஷம். கடைக்கு வருவானா, கம்பெனிக்குப் போவானா என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை.

சரி, உன் விஷயம். எடை 118 கிலோ, உயரம் 168 செ.மீ. கணக்குப் போட்டால் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ 42-ஐத் தொடுகிறது. பதினோரு வருஷச் சுகர், இரண்டு வேளை இன்சுலின், முழங்கால் வலி, ராத்திரியில் தங்கச்சியைத் தூங்கவிடாத குறட்டை. எடை குறைய இரைப்பை ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதற்கு அடுத்து நீ எழுதியதுதான் இடித்தது: "மதினிக்குச் செய்த அதே ஸ்லீவையே செய்துகொள்கிறேன், அவங்க நல்லாத்தானே இருக்காங்க."

சரோஜா நல்லாத்தான் இருக்கிறாள். 2018-இல் செய்தபோது 98 கிலோ. 66 வரை இறங்கி, இப்போது 74-இல் நிற்கிறாள். ஆனால் அவளுக்குச் சுகர் இல்லை. நெஞ்செரிச்சல் இருந்ததில்லை. முன்கூட்டியே எண்டோஸ்கோபி பார்த்து, இரைப்பையும் உணவுக்குழாயும் சுத்தமாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகே டாக்டர் ஸ்லீவ் என்றார். உன் உடம்பு வேறு. அவள் ஆபரேஷனை நீ இரவல் வாங்க முடியாது.

மூன்று பக்கத்தில் நெஞ்செரிச்சல் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. ஹாஸ்டலில் ஜெலுசில் பாட்டிலைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன் நீ. பொங்கலுக்கு வந்தபோதும் என் கடையில்தான் பான்டோப்ரசோல் ஒரு அட்டை வாங்கிப் போனாய். உன் டாக்டரிடம் அதைச் சொன்னாயா? சொல்லியிருந்தால் எண்டோஸ்கோபி பார்க்காமல் அவர் ஸ்லீவ் என்று எழுதியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

ஏன் இதைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று சொல்கிறேன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற ஒல்லியான குழாய். குடலைத் தொடுவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது வெட்டி எடுக்கும் மேல்பகுதியில்தான். அதனால் பசியும் குறையும். எல்லாம் நல்லதே. ஆனால் அந்த ஒல்லிக் குழாய்க்குள் அழுத்தம் அதிகம். அமிலம் மேலே ஏறும். பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு பாதிக்கு ஸ்லீவும், மறுபாதிக்குச் சாப்பாட்டை இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டி நேராகக் குடலுக்கு அனுப்பும் பைபாஸும் செய்து, பத்து வருஷம் கழித்துப் பார்த்த முடிவு 2022-இல் வந்தது. உணவுக்குழாய் புண்ணாகியிருந்தவர்கள் ஸ்லீவ் பக்கம் 31 சதவீதம், பைபாஸ் பக்கம் 7 சதவீதம். எடைக் குறைவில் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. அதிகப்படியாக இருந்த எடையில் ஸ்லீவில் 43.5 சதவீதமும் பைபாஸில் 51.9 சதவீதமும் போயிருந்தது. சரோஜாவே இந்த இரண்டு வருஷமாக ராத்திரி தோசை சாப்பிட்டால் தலையணையை உயர்த்திக்கொள்கிறாள். இல்லாதவளுக்கே வந்தது. ஏற்கெனவே இருக்கிற உனக்கு?

ஸ்லீவ் பிறந்த கதை தெரியுமா? அது தனி ஆபரேஷனாகவே வரவில்லை. குடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிடும் ஒரு பெரிய ஆபரேஷனின் முதல் பாதி அது. மிக அதிக எடை உள்ளவர்களுக்கு ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று, 2000-ஐ ஒட்டி, முதலில் இரைப்பையை மட்டும் குறைத்து அனுப்பினார்கள். அதிலேயே எடை நன்றாக இறங்கியதால் சிலருக்கு இரண்டாம் பாதி தேவைப்படவே இல்லை. இன்று உலகத்தில் அதிகம் செய்யப்படுவது அந்த முதல் பாதிதான்! டாக்டர்களுக்கும் அது சுலபம், நேரம் குறைவு, செலவும் குறைவு. நம் ஊரில் அதையே முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி பைபாஸ். இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலை நறுக்கி நேராக அதோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அதன் வழியாகப் போகாது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்பவர் 1960-களில் தொடங்கிவைத்தது. அல்சருக்காக இரைப்பையை வெட்டியவர்கள் இளைத்துப்போவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம் சுகர். எடை இறங்கும் முன்பே, ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வரும். சாப்பாடு சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போவதால் அங்கே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது அதற்கு ஒரு காரணம். எடை குறைய நீ கேட்ட மௌஞ்சாரோ ஊசியும் அந்த ஹார்மோனைப் போலவே நடிக்கும் மருந்துதான், கூடவே இன்னொரு ஹார்மோனையும் சேர்த்து. ஆனால் "சுகர் ஓடிப்போயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. க்ளீவ்லாண்டில் நடந்த ஆய்வில் ஐந்து வருஷம் கழித்து மூன்று மாதச் சுகர் சராசரி (எச்பிஏ1சி) 6-க்குள் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். பதினோரு வருஷம் ஓடி இன்சுலினுக்கு வந்த சுகர் முழுதாக அடங்குவது சிரமம். சி-பெப்டைட் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, உன் கணையத்தில் இன்னும் எவ்வளவு சரக்கு மிச்சம் என்று அது சொல்லும். அதைப் பார்க்கச் சொல். இன்சுலின் போய் மாத்திரையோடு நின்றாலே உனக்கு லாபம்தான்.

இவ்வளவு சொன்னதும் பைபாஸ்தான் என்று முடிவு கட்டிவிடுவாய். பொறு. உன்னைத் தெரிந்தவன் என்பதால் அடுத்ததையும் சொல்கிறேன்.

பைபாஸ் செய்தவன் வலி மாத்திரையைத் தொடக்கூடாது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் எதுவுமே. பையும் குடலும் சேரும் தையலில் புண் வரும், சில சமயம் ஓட்டையே விழும். பாராசிட்டமால் பரவாயில்லை. முழங்காலுக்கு நீ வாரத்தில் எத்தனை தடவை விழுங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். சிகரெட்டும் அதே தையலைத்தான் தின்னும். அப்புறம் உன் சனிக்கிழமை சமாச்சாரம். பைபாஸுக்குப் பிறகு சாராயம் வேகமாக ரத்தத்தில் ஏறும், குறைந்த அளவே போதை தரும். முன்பு கட்டுக்குள் இருந்தவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு குடிக்கு அடிமையான கதைகள் மருத்துவப் பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டன. எடை இறங்கினால் முழங்கால் வலி பெரும்பாலும் தானே குறையும், அது உண்மை. மற்ற இரண்டும் தானே குறையாது.

மாத்திரை விஷயம் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, ஒரு மல்டிவைட்டமின். ஆயுள் முழுக்க. கால்சியம் கார்பனேட் வேண்டாம், சிட்ரேட்டாகக் கேட்டு வாங்கு. அமிலம் குறைந்த பையில் கார்பனேட் சரியாகக் கரையாது. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதைத் தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. மெட்ஃபார்மின் எஸ்ஆர் சாப்பிடுகிறாய் அல்லவா? மெதுவாகக் கரையும் மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு சரியாக உடம்பில் சேருமா என்பது சந்தேகம், சாதாரண மாத்திரையாக மாற்றச் சொல்ல வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வைட்டமின் உண்டு. ஆனால் பைபாஸில் விட்டுவிட்டால் விளைவு சீக்கிரம் தெரியும். என் கடைக்கு வருகிற ஒருவர் ஆபரேஷன் முடிந்து நன்றாக இளைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கால் மரத்துப்போய்த்தான் திரும்பி வந்தார்.

மினி பைபாஸ் பற்றிக் கேட்டிருந்தாய். நம் நாட்டில் அதற்கு நல்ல வரவேற்பு. சாதாரண பைபாஸின் இரண்டு இணைப்புக்குப் பதில் ஒரே இணைப்பு, நேரம் குறைவு. எடையும் சுகரும் நன்றாகவே இறங்கும். ஆனால் அதிகக் குடலைச் சுற்றிவிடுவதால் சத்து சேர்வது இன்னும் குறையும். பிரான்ஸில் இரண்டு பைபாஸையும் ஒப்பிட்டபோது எடைக் குறைவு சமமாக இருந்தது, பேதியும் சத்துக் குறைவும் மினியில்தான் அதிகம். பித்தம் இரைப்பைக்குள் ஏறுவதும் உண்டு. உன் வீட்டில் சமையல் முழுச் சைவம். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது உள்ளே போக வேண்டும் என்றால் பயறு, தயிர், பனீர் என்று தங்கச்சி கணக்குப் பார்த்துப் பரிமாற வேண்டும். எனக்கு உன் விஷயத்தில் மினிக்கு மனசு ஒப்பவில்லை. இரைப்பையைச் சுற்றி இறுக்கும் பேண்ட் போடுவது பற்றி எழுதவே வேண்டாம், போட்ட பலருக்கு அதைக் கழற்றவே இன்னொரு ஆபரேஷன் ஆயிற்று.

"ஸ்லீவ்னா பின்னாடி மாத்திக்கலாமே" என்றும் எழுதியிருந்தாய். அது பாதி சரி. ஸ்லீவைப் பின்னால் பைபாஸாக மாற்றலாம், நெஞ்செரிச்சல் தாங்காமல் பலர் அப்படி மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் வெட்டி எடுத்த இரைப்பை திரும்பி வராது. தெரிந்தே இரண்டு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

ஊசி மட்டும் போதாதா என்ற கேள்விக்கு: மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இங்கே வந்தது. அப்போது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரம் ஒன்று. சுகர் இல்லாதவர்களில் அதிக அளவு போட்டவர்கள் ஒன்றரை வருஷத்துக்குள் உடம்பு எடையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். மருந்து நல்ல மருந்து, நானே விற்கிறேன். நிறுத்தினால் பெரும்பாலும் எடை ஏறும். அந்தக் கணக்கில் மாதம் பதினேழாயிரத்துச் சொச்சம் எத்தனை வருஷம் கட்டுவாய் என்று நீதான் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் சில மாதம் போட்டு எடையைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளும் வழியும் உண்டு, டாக்டரிடம் கேள்.

என் அபிப்பிராயம் இதுதான். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய் சுத்தமாக, இரைப்பை நெஞ்சுப் பக்கம் ஏறும் ஹெர்னியா இல்லாமல் இருந்து, சிகரெட்டையும் வலி மாத்திரையையும் உன்னால் விட முடியாது என்றால் ஸ்லீவ். புண் இருந்தால் பைபாஸ், ஆனால் சிகரெட் போன பிறகு. பந்தயம் கட்டச் சொன்னால் உன் உணவுக்குழாய் சுத்தமாக இருக்காது என்றுதான் கட்டுவேன். இரைப்பையில் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமியையும் அப்போதே பார்த்துவிடச் சொல். பைபாஸுக்குப் பிறகு ஒதுங்கிப்போன இரைப்பைக்குள் சாதாரண எண்டோஸ்கோபி எட்டாது.

அடுத்த மாதமே செய்துவிடலாம் என்ற அவசரம் வேண்டாம். ஆவணியில் செய்தால் நிவேதா கல்யாணத்தின்போது ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும். தலைமுடி கொட்டும் நேரம் சரியாக அதுதான். சரோஜாவுக்குக் கொத்துக்கொத்தாகப் போய், பிறகு வளர்ந்தது. பத்திரிகை வைக்க வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் காப்பியும் கேசரியும் வேண்டாம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பாய். பைபாஸில் இனிப்பைக் கூடச் சாப்பிட்டால் படபடத்து வேர்த்துத் தலைசுற்றும். மாப்பிள்ளை வீட்டில் போய் அப்படி உட்காராதே. மாசியில் வைத்துக்கொள். இந்த ஆறு மாதத்தில் சிகரெட்டை விடு, குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை செய், கிருமி இருந்தால் மருந்து சாப்பிடு. எண்டோஸ்கோபி மட்டும் இந்த வாரமே. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு. டாக்டரைப் பார்க்கப் போகும்போது நானும் திருப்பூர் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர எந்த நாளும் சின்னவன் கடையைப் பார்த்துக்கொள்வான்.

தங்கச்சிக்கும் நிவேதாவுக்கும் எங்கள் அன்பு.

உன்,
கணேசன்

பி.கு.: இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படி. பிஎம்ஐ 40-க்கு மேல் என்பதால் விதிப்படி நீ உள்ளே வருகிறாய். ஆனால் மற்ற வழிகளில் முயன்றும் எடை இறங்கவில்லை என்பதற்கு டாக்டர் எழுதிய சான்று கேட்கலாம். பழைய டயட் சீட்டு, ஜிம் ரசீது எல்லாம் வீட்டில் எங்கே கிடக்கிறது என்று தங்கச்சியிடம் இப்போதே தேடச் சொல். காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் ஏஜென்ட் வாயால் கேட்டு நிறுத்தாமல், மின்னஞ்சலில் எழுதி வாங்கு.