விண்ணப்பம் கொடுத்த நாள் எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொல்லிமலையில் ஏழு வருஷமாக ஓர் இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், கைரேகைக் கருவி, வாசலில் ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் மையம். எங்கள் மலையில் ஊராட்சிக்குப் பெயரே நாடு. வாழவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். சில ஊர்களிலிருந்து என் பெஞ்சுக்கு வர ஒரு மணி நேரம் நடக்க வேண்டும்.

போன மே மாதம் ஒரு பெண் முதல் பட்டதாரி சான்று கேட்டு வந்தாள். பொறியியல் கலந்தாய்வுக்குத் தேவை. மரவள்ளிக் காட்டில் களையெடுக்கும் கூலியை விட்டுவிட்டு அம்மாவும் கூட வந்திருந்தார். அன்று காலை பத்து மணிக்கெல்லாம் நெட் லைன் போய்விட்டது. மறுநாள் வந்தது. ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, 60 ரூபாய் கட்டணம் கட்டும் பக்கத்துக்குப் போனோம். அங்கே வட்டம் சுற்ற ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. என் வாலட்டில் பணம் பிடித்துவிட்டார்கள், ஒப்புகைச் சீட்டு வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வரை இருவரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். "இன்னும் சுத்துதா பாப்பா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் விடியற்காலை பஸ்ஸில், 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேந்தமங்கலம் போய்ப் பதிவு செய்தார்கள்.

விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மூன்று இடத்துக் கணினியைத் தாண்ட வேண்டும். அவர்களுக்கும் நெட் வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தின சாயங்காலம் சான்று வந்தது. பிழைத்தாள். ஆனால் கணினியைக் கேட்டால் அவள் விண்ணப்பித்தது நான்காம் நாள்தான் என்று சொல்லும். என் பெஞ்சில் காத்திருந்த மூன்று நாள் எந்தக் கணக்கிலும் இல்லை. இந்தக் கடிதம் எழுதுவதே அந்த மூன்று நாளுக்காகத்தான்.

நெட் என்றாலே எல்லோரும் வேகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இ-சேவையில் நாங்கள் ஏற்றும் ஓர் ஆவணம் 200 கேபிக்கு மேல் போகக்கூடாது. பிராட்பேண்ட் என்று சொல்ல பதிவிறக்க வேகம் குறைந்தபட்சம் 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று 2023-ல் அரசு வரையறுத்தது. ஏற்றும்போதும் அந்த 2 எம்பிபிஎஸ் உண்மையிலேயே வந்தால் 200 கேபி ஒரே விநாடியில் ஏறிவிடும். எங்களுக்கு அது போதும். நடுவில் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும், அதுதான் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் விட்டுவிட்டு வரும் லைனில் எவ்வளவு வேகம் இருந்தும் பயனில்லை. ஒரு தடவை அறுந்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

செல்போன் நிலைமையும் அப்படித்தான். ஓடிபி வர வேண்டுமென்றால், போனை எடுத்துக்கொண்டு ஒரு ஆள் என் மையத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைக்கு ஏற வேண்டும். அங்கேதான் டவர் பிடிக்கும். அவர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே கத்துவார், நான் தட்டுவேன். வயசான ஆயாக்களை எப்படிப் பாறையில் ஏறச் சொல்வது? பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருப்பார்கள்.

கிராமங்களுக்கு நெட் கொண்டுவரும் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் என்பது நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் மலையில் கேபிள் மின்கம்பங்களோடு போகிறது. ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தால் கரண்டும் போகும், கேபிளும் போகும். கரண்டு மறுநாள் வந்துவிடும். இழையை ஒட்டவைக்கும் கருவியும் ஆளும் கீழிருந்து வர வேண்டும்.

2024-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய தரவிதி கொண்டுவந்தது. ஒரு மாவட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் நிறுவனம் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். மாவட்ட அளவில் நின்றால்தான் இது. மலையில் நாலைந்து ஊர் மட்டும் நான்கு நாள் கிடந்தால், நாமக்கல்லில் நெட் நன்றாகத்தானே இருக்கிறது? அதனால் எங்கள் நான்கு நாள் அங்கேயும் எழுதப்படுவதில்லை.

ரேஷன் கடையில் கைரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். சான்றிதழுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். லைன் இல்லாத நேரத்தில் வருகிறவருக்கு நாள், மணி குறித்து ஒரு எண்ணிட்ட சீட்டு கொடுக்க எங்களுக்கு அனுமதி கொடுங்கள். லைன் வந்ததும் விண்ணப்பத்தை ஏற்றுகிறோம். சீட்டில் உள்ள நாளையே விண்ணப்பித்த நாளாக வட்டாட்சியர் அலுவலகமும் கல்லூரியும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொய்ச்சீட்டு போடுவார்கள் என்று சொல்லலாம். லைன் எப்போது போனது, எப்போது வந்தது என்று சேவை நிறுவனத்தின் கணினியில் நிமிடக் கணக்கில் இருக்குமே, அதோடு ஒத்துப் பார்க்கட்டும். என்மேல் தப்பு இருந்தால் என் உரிமத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பெண் போன பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். லைன் போன நேரம், வந்த நேரம், அப்போது பெஞ்சில் இருந்தவர்கள் எத்தனை பேர், எதற்காக வந்தார்கள் என்று எழுதி வருகிறேன். முதல் நோட்டு தீர்ந்து இரண்டாவது ஓடுகிறது. முதல் நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகல் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு பெண்,
கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம்