‘பழைய தந்தம்’ என்று சொல்லி விற்காதீர்கள்: உதகை, குன்னூர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நினைவுப்பொருள் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கண்ணாடி அலமாரிகளில் தைலக் குப்பிகளுக்கும் சாக்லேட் டப்பாக்களுக்கும் பக்கத்தில் ஷாஜகானும் மும்தாஜும் நூர்ஜகானும் உள்ளங்கை அகல முட்டை வடிவச் சட்டங்களுக்குள் இருக்கிறார்கள். அந்தப் படங்களை நீங்கள் விற்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் சில கடைகளில் குரலைத் தாழ்த்தி, "பழைய தந்தம் சார், வெளியில கிடைக்காது" என்கிறார்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இந்தப் படங்களுக்கு உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் டெல்லி ஓவியர்கள் தந்தத்தை மெல்லிய தகடாகச் சீவி, அதன்மேல் நீர்வண்ணத்தில் முகலாய அரசர்களையும் அரசிகளையும் தாஜ்மகாலையும் வரைந்து பயணிகளுக்கு விற்றார்கள். தகட்டின் வெளிர்நிறம் வண்ணத்துக்கு அடியிலிருந்து தெரிவதால் முகத்துக்கு உயிருள்ள தோலின் மினுமினுப்பு வந்தது. மும்தாஜின் முகம் பெரும்பாலும் பிற்கால ஓவியர்களின் கற்பனைதான். அதனால் என்ன? அணில் முடித் தூரிகையால் இமை மயிரைக்கூடப் பிரித்துக் காட்டும் கை சாதாரணக் கை அல்ல.

இன்று வருபவற்றில் பல ஒட்டக எலும்பில் வரைந்தவை; சில பிளாஸ்டிக்கில் அச்சடித்தவை. ஒரு பூதக்கண்ணாடி போதும். எலும்பில் பொடிப்பொடியாகக் கருத்த துளைகள் தெரியும். அச்சுப் படமென்றால் வண்ணம் வரிசை பிசகாத புள்ளிகளாகப் பிரியும். ராஜஸ்தானில் ஒருவர் எலும்பில் பொறுமையாக வரைந்ததைத் தந்தம் என்று சொல்லும்போது அவருடைய உழைப்பைத்தான் மறைக்கிறீர்கள்.

அப்புறம், நிஜமாகவே தந்தமாக இருந்தால் அது குற்றம். இந்திய யானைத் தந்த வியாபாரத்தை 1986-லும் இறக்குமதித் தந்த வியாபாரத்தை 1991-லும் சட்டத் திருத்தங்கள் தடை செய்துவிட்டன. பழசு என்பதால் விற்கலாம் என்று விலக்கு எதுவும் இல்லை. ஆசிய யானைகளில் ஆணுக்குத்தான் தந்தம்; ஆண்களிலும் மக்னா எனப்படுபவற்றுக்கு அது இல்லை. அதனால் வேட்டைக்காரர்கள் தந்தமுள்ள ஆண்களான கொம்பன்களையே தேடித்தேடிச் சுட்டார்கள். நம் காடுகளில் ஆண் யானைகள் குறைந்துபோயின. தெப்பக்காடு முகாமில் யானைகளைப் பார்த்துவிட்டு மலையேறி வரும் குடும்பத்திடம், தந்தம் ஆசைப்பட வேண்டிய பொருள் என்று நாமே கற்றுக்கொடுக்கலாமா? நீங்கள் விற்பது எலும்பாகவே இருந்தாலும், நீங்கள் சொல்லும் அந்தப் பொய் தந்தத்தின் மீதுள்ள ஆசையை அணையாமல் வைத்திருக்கிறது.

நான் கேட்பது ஒரு சின்ன அட்டை. என்ன பொருளில் செய்தது, கையால் வரைந்ததா அச்சா, எந்த ஊரிலிருந்து வந்தது, தெரிந்தால் வரைந்தவர் பெயர். நீலகிரிப் பழங்குடியினரான ஆலு குறும்பர் வேங்கை மரத்தின் பிசினைக் கொண்டு வரையும் ஓவியங்களை நீங்கள் விற்றால் அவற்றுக்கும் இதே அட்டையை வையுங்கள். நம் மலையின் ஓவியர்கள் பெயரில்லாமல் போகக் கூடாது. மொத்த வியாபாரி விவரம் தர மறுத்தால் அந்தச் சரக்கை எடுக்காதீர்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வருவதற்குள் அட்டைகள் தயாராகிவிட்டால் நல்லது.

அன்புடன்,
உதகைவாசி ஒருவர்