எந்தக் கருகல் என்று தெரியாமல் எந்த மருந்தை அடிப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தக்காளி விலை விழுந்தாலும் ஏறினாலும் பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிப் படத்தோடு செய்தி போட்டுவிடுகிறீர்கள், நல்லதுதான். விலை ஏறுவதற்கு முந்தைய மாதம் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதுதான் வருவதில்லை. மழை மூட்டமும் பனியுமாக நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் வந்தால் போதும், பின்பருவக் கருகல் நோய் இறங்கிவிடும். குச்சி நட்டு, கயிறு கட்டி, காய் பிடித்து நிற்கிற தோட்டம் ஒரு வாரத்தில் வெந்நீர் ஊற்றியது மாதிரி ஆகிவிடும்.

உடனே எல்லோரும் மருந்துக் கடைக்குத்தான் ஓடுகிறோம். சில கடையில் கார்பென்டசிம் என்ற பூஞ்சாண மருந்தைக் கொடுக்கிறார்கள். அது இதற்குக் கேட்கவே கேட்காது, ஏனென்றால் தக்காளி, உருளை இரண்டிலும் இந்தக் கருகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் பூஞ்சாணமே இல்லை, பாசிக்குச் சொந்தக்கார உயிரி. மெட்டலாக்சில் என்ற மருந்தின் கதை வேறு, அது இந்த நோய்க்கு ஒரு காலத்தில் நன்றாகவே கேட்டது. 2009-10ல் கர்நாடகத் தக்காளித் தோட்டங்கள் கருகியபோது பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் நோய்க்கிருமியின் மரபணுவைப் பார்த்தார்கள். இருந்தது 13 ஏ2 என்ற வம்சம். 2004 வாக்கில் ஐரோப்பாவில் தலைகாட்டி, மூன்று நாலு வருஷத்தில் பிரிட்டன் உருளை வயல்களை வளைத்துப் பிடித்த அதே ஆள், மெட்டலாக்சிலைச் சட்டையே செய்யாது. இறக்குமதி விதைக் கிழங்கோடு வந்திருக்கும் என்கிறார்கள். கர்நாடகத்துக்கு வந்தது நமக்கு வராதா என்ன, காற்றில் பறக்கிற வித்துக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் எல்லாம் ஏது!

அப்புறம் 2013-14ல் மேற்கு வங்கத்து உருளை அழிந்தபோதும் இதே வம்சம்தான், ஆனால் அதற்குள் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. சீனாவிலும் வங்கதேசத்திலும்கூடப் பதிவாகியிருக்கிறது. இந்தக் கிருமியில் ஆண், பெண் மாதிரி இணைசேர ஏ1, ஏ2 என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே வயலில் சேர்ந்துவிட்டால் மண்ணிலேயே கிடந்து பிழைக்கிற தடித்த வித்து உண்டாகும். சேராதவரை உயிருள்ள செடியோ கிழங்கோ இல்லாமல் இதனால் தாக்குப்பிடிக்க முடியாது. கருகிய செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே புது நாற்று நடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அர்கா ரக்ஷக் ரகத் தக்காளி நட்டிருக்கிறேன், எனக்கென்ன என்று இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அது தாங்குவது இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும்தான். பின்பருவக் கருகல் அந்தக் கணக்கில் இல்லை.

சரி, இன்றைக்கு நம் தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருப்பது எந்த வம்சம்? இதை விவசாயிக்கு யார் சொல்கிறார்கள்? ஐரோப்பாவில் நோய் பிடித்த இலையை ஒரு சின்ன அட்டையில் அழுத்தி அனுப்புகிறார்கள், மரபணு பார்த்து, எந்த ஊரில் எது என்று வருஷாவருஷம் வரைபடமே போடுகிறார்கள். ஃப்ளூவசினாம் என்ற மருந்துக்கு அடங்காத 37 ஏ2 என்ற இன்னொரு வம்சம் வந்ததும் அங்கே மருந்தை மாற்றிக்கொண்டது அப்படித்தான். ஆசியாவுக்கும் ஆசியாபிளைட் என்று விஞ்ஞானிகள் கூட்டமைப்பு ஒன்று உண்டு. அந்த விவரம் மருந்துக் கடை வாசல் வரைக்கும் வந்து சேர வேண்டுமே!

பையூர் ஆராய்ச்சி நிலையம் இங்கேயே இருக்கிறது. பருவத்துக்கு ஒரு தடவை இலை எடுத்து அனுப்பி, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று அடுத்த நடவுக்கு முன்னால் தமிழில் அறிவித்தால் போதும். இலை எடுப்பது பெரிய வித்தையும் இல்லை, காலையில் பனி காய்வதற்குள் புள்ளி விழுந்த இலையைத் திருப்பினால் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும், அதுதான் வேண்டும். அட்டையை மட்டும் கொடுங்கள், சூளகிரி, ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கமெல்லாம் தோட்டக்காரர்களைச் சேர்த்து இலை எடுத்துத் தருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தக்காளி விவசாயி ஒருவர்,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.