கனடா ஸ்காபரோவிலிருந்து தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் பெறாமகள் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "அவரும் போயிட்டார், இனி எனக்கு என்ன வேலை இருக்கு அக்கா, கர்த்தர் கூப்பிட்டால் போறதுதான்" என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

உன் அத்தான் போனபிறகு நானும் அப்படித்தான் இருந்தேன். மகன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டபோது, இடம் மாறினால் மனமும் மாறும் என்று எல்லோரும் சொன்னீர்கள். இங்கே வந்து இறங்கியது மார்கழிக் குளிரில். பின்னேரம் ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும். விடிய மகனும் மருமகளும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. மருமகள் நல்ல பிள்ளை. குசினிப் பக்கம் போனாலே "மாமி, நீங்கள் போய் இருங்கோ" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். ஆனால் நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் யன்னலோரக் கதிரையில் இருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பாரம் என்று உனக்கு இப்போது விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை பின்னேரத்தில். வெள்ளைக்காரருடைய ஆலயம், அவர்கள் காலை ஆராதனை முடித்துப் போனபிறகு எங்கள் சபைக்கு வாடகைக்குத் தருவார்கள். கீர்த்தனை பாட வாய் வந்தது, ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் கர்த்தரோடு கோபம்தான் வந்தது. ஆறுதல் சொல்லாத ஆள் இல்லை. "அவர் உங்களைத் தேற்றுவார்" என்று கையைப் பிடித்துச் சொல்வார்கள். அதே ஆட்கள் ஒரு கலியாணத்தில், தாலியை ஆசீர்வதிக்கத் தட்டம் சுற்றி வந்தபோது, என்னை மெதுவாகப் பின்வரிசைக்கு நகர்த்திவிட்டார்கள். வேதம் வாசிக்கிற சனம், ஆலயத்துக்குள்ளே இதைச் செய்கிறது. அங்கேயும் இதேதான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உன்னை யாராவது அப்படித் தள்ளி நிற்கச் சொன்னால் நில்லாதே. நான் சொன்னேன் என்று சொல்லு.

அப்புறம் ஒருநாள் போதகர் வந்து, பக்கத்து முதியோர் பராமரிப்பு நிலையத்தில் சில தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள், போய்ப் பார்ப்பீர்களா என்று கேட்டார். பொலிஸ் சான்றிதழ், கசநோய்ப் பரிசோதனை, சின்னப் பயிற்சி எல்லாம் முடிந்துதான் உள்ளே விட்டார்கள். இங்கே பஸ்ஸில் வயதுபோன ஆட்கள் ஏற வந்தால் சாரதி படியைத் தாழ்த்திவிடுவார். பனிச் சப்பாத்தோடும் தடித்த கோட்டோடும் ஏறிப் போனேன்.

அங்கே கொக்குவில் அம்மா ஒருவர். கன காலம் கனடாவில் வேலை செய்து ஆங்கிலம் வடிவாகக் கதைத்தவராம். மறதி நோய் வந்தபிறகு ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது, தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த நோயில் பலருக்கு அப்படித்தானாம், பிந்திப் படித்த மொழி முந்திப் போய்விடும். தாதிகள் சொல்வது அவருக்கு விளங்காது, அவர் சொல்வது தாதிகளுக்கு விளங்காது. சாப்பாட்டைத் தட்டிவிடுவார். நான் பக்கத்தில் இருந்தவுடன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பாலம் கடந்திட்டமோ பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உனக்கும் விளங்கும். 1995 ஒக்டோபர் 30, யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த நாள். நாவற்குழிப் பாலம், மழை, அடி வைக்க இடமில்லாத சனம், மூத்தவளை நீ தோளில் போட்டுக்கொண்டு நடந்த இரவு. அந்த அம்மா இன்னும் அந்த இரவுக்குள்ளேதான் நிற்கிறார். அங்கே நிற்கிற ஒருவர் எப்படி ஆறுதலாக இருந்து சாப்பிடுவார்? "கடந்திட்டம் அம்மா, கைதடிக்கு வந்திட்டம், இனிச் சாப்பிடலாம்" என்றேன். வாயைத் திறந்தார்.

ஊட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. சாய்ந்திருக்க விடக்கூடாது, நிமிர்த்தி இருத்த வேண்டும். நாங்கள் நின்றுகொண்டு ஊட்டக்கூடாது, அவருடைய கண்மட்டத்தில் இருக்க வேண்டும். தண்ணீர்கூடப் புரைக்கேறாமல் இருக்க அதற்கென்று உள்ள மாச் சேர்த்துத் தடிப்பாக்கி, கரண்டியால்தான். விழுங்கிவிட்டார் என்று கண்டபிறகுதான் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணித்தியாலம் ஆகும். அவசரப்பட முடியாத வேலை. அந்த முக்கால் மணித்தியாலத்தில்தான் எனக்கு ஜெபம் திரும்பி வந்தது தங்கச்சி. வார்த்தையாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் "ஆண்டவரே, இறங்கட்டும்" என்று மனசுக்குள், அவ்வளவுதான்.

அந்த அம்மா சைவ சமயம். பின்னேரமானால் அந்தரப்படுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சின்னனில் பாடிப் பழகிய தேவாரத்தில் நினைவிருந்த இரண்டு வரியைப் பாடினேன். மிச்சத்தை அவரே பாடி முடித்தார், ஒரு சொல் பிசகவில்லை. கிறிஸ்தவள் தேவாரம் பாடலாமா என்று சபையில் ஒருவர் கேட்டார். பயந்து நடுங்குகிற ஒரு ஆத்துமாவைக் கர்த்தர் அந்தப் பாட்டால் அமைதிப்படுத்துகிறார் என்றால், தடுக்க நான் யார் என்று சொன்னேன். மானிப்பாய் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த காலத்தில் உன் அத்தான் அடிக்கடி சொல்வாரே, 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த கிறீன் வைத்தியர் தமிழ் படித்து, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர் என்று. நோயாளியின் மொழி தெரியாமல் நோயைத் தொட முடியாது என்பார் அத்தான். அவர் சொன்னதை நான் இங்கே தினமும் காண்கிறேன்.

இனி உன் வரிக்கு வருகிறேன். 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தை எடுத்து ஆறுதலாக வாசி. பஞ்ச காலம். சாறிபாத் விதவையிடம் ஒரு பிடி மாவும் கொஞ்ச எண்ணெயும்தான் மிச்சம். அதைச் சுட்டுத் தின்றுவிட்டு மகனோடு சாவோம் என்று விறகு பொறுக்குகிறாள். எலியா வந்து, முதலில் எனக்கு ஒரு அடை சுட்டுக் கொண்டுவா என்கிறார். முன்பு எனக்கு அது கொடுமையாகத்தான் பட்டது. இப்போது அப்படியில்லை. சாகத் தயாராக நின்றவளிடம் கர்த்தர் பசித்த ஒரு ஆளை அனுப்பி, கேட்க வைத்தார். எனக்கு ஆறுதல் தந்தவர்கள் நிறையப் பேர். என்னிடம் எதையாவது கேட்ட முதல் ஆள் அந்தக் கொக்குவில் அம்மாதான். அதே அதிகாரத்தில் பின்னால் அவளுடைய மகன் சாகிறான், அவள் எலியாவோடு கோபமாகக் கதைக்கிறாள். அந்தக் கோபத்துக்காகக் கர்த்தர் அவளைத் தண்டிக்கவில்லை, மகனைத் திருப்பிக் கொடுத்தார். நீயும் கோபம் இருந்தால் அவரிடமே சொல்லு.

உன் ஒழுங்கையில் கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்து இருக்கிற பிள்ளை, புருஷன் 2009 யுத்தத்தில் காணாமல் போனவர் என்றாயே. அவளை விதவை என்பதா, காத்திருக்கிற மனைவி என்பதா என்று ஊருக்கே தெரியவில்லை. எங்களுக்காவது கல்லறை இருக்கிறது, பூ வைக்கலாம். அவளிடம் ஆறுதல் சொல்லப் போகாதே. ஏதாவது கேட்கப் போ. நன்றாகத் தைப்பாள் என்று சொன்னாய். நத்தாருக்குப் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கச் சொல்லிக் கேள். கூலியைக் குறைக்காமல் கொடு. அவளுடைய மகனுக்குப் புலமைப்பரிசில் சோதனை வருகிறதென்றால், கணக்கு டீச்சர் நீ பக்கத்து வீட்டில் சும்மா இருக்கிறாய். அவனைப் பின்னேரத்தில் வரச்சொல்லு.

மருமகளின் தமையன் ஆடியில் யாழ்ப்பாணம் வருகிறார். திரும்பும்போது அவரிடம் கொஞ்சம் ஒடியல் மா கொடுத்துவிடு. டவுனில் புத்தகக் கடையில் பெரிய எழுத்துத் தேவாரப் புத்தகம் ஒன்றும் வாங்கி அனுப்பு. எனக்கு இரண்டு வரிக்கு மேலே தெரியாது, அந்த அம்மாவும் இப்போது இடையிடையே மறக்கத் தொடங்கிவிட்டார். காசு மகன் போடுவான்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அக்கா