மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் மனை வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம். வீட்டு வரைபடம் கேட்டு வந்த சிலரிடம் "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லியிருக்கிறோம். வேலையை இழுத்தடிக்கிறோம் என்று அவர்களுக்கு வருத்தம். காரணத்தை எழுதியே சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

புதிய மெட்ரோ நிலையம் வந்தால், அதன் சுற்றுவட்டாரத்துக்கென்று உள்ளாட்சி அமைப்பு தனியாக ஒரு திட்டம் போடுவதுண்டு. எத்தனை மாடி, கீழே கடை வரலாமா, கார் நிறுத்த எவ்வளவு இடம் என்று பலதும் அதில் மாறலாம். இன்றைய விதிப்படி இரண்டு மாடிக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டால், நாளை ஐந்து மாடிக்கு அனுமதி கிடைத்தும் பயனில்லை. ஐந்து மாடியை நம்பி அஸ்திவாரம் போட்டு, மனை திட்ட எல்லைக்கு வெளியே போய்விட்டாலோ அந்தச் செலவு மண்ணுக்குள்.

எல்லையில்தான் குழப்பமே. பெரும்பாலும் நிலையத்தை நடுவில் வைத்து 400 அல்லது 800 மீட்டருக்கு வட்டம் போடுவார்கள். ஐந்து நிமிட நடை, பத்து நிமிட நடை என்பது கணக்கு. வட்டம் போடக் கவராயம் போதும், நடக்கத் தெரு வேண்டுமே! தெருக்கள் கட்டம் கட்டமாக ஒழுங்காக இருந்தால்கூட, 800 மீட்டர் நடையில் எட்டும் பரப்பு அந்த வட்டத்தில் சுமார் 64 சதவீதம்தான். நடுவில் முட்டுச்சந்தோ கால்வாயோ இருந்தால் இன்னும் குறையும். படத்தில் 300 மீட்டரில் தெரியும் மனைக்கு நடந்து போனால் ஒரு கிலோமீட்டர் வரலாம். அதனால் நிலைய வாசலிலிருந்து நடந்தே அளக்கிறோம். எங்கள் பையன்கள் வெயிலில் முணுமுணுக்கிறார்கள், பரவாயில்லை.

வட்டத்துக்குள் இருந்தால் எல்லோருக்கும் அடுக்குமாடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் ஆர்லிங்டனில் உயரமான கட்டடங்களை நிலையத்தை ஒட்டி வைத்து, விலக விலகக் குறைத்து, பழைய வீடுகள் இருந்த தெருக்களை அப்படியே விட்டார்கள். பல திட்டங்களில் கட்டட உயரம் இந்த மாதிரிதான் சரிந்து இறங்கும். உங்கள் மனை சரிவில் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

சுரங்கப்பாதைக்கு மேலேயோ பக்கத்திலோ மனை இருந்தால், அடித்தளம் தோண்டவும் பைல் (ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண்) இறக்கவும் மெட்ரோ நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று தேவைப்படும். அதைக் கையில் வாங்காமல் தோண்ட மாட்டோம்.

சரி, திட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் நாட்களில்தான் உங்கள் பேச்சு எடுபடும். "எதிர்க்கிறோம்" என்ற ஒற்றை வரி ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்தச் சந்து அடைபட்டிருக்கிறது, எங்கே வழி திறந்தால் எத்தனை மீட்டர் நடை மிச்சம், எந்த முனையில் நடைபாதை இல்லை என்று குறிப்பாக எழுதுங்கள். நடந்து அளந்த கணக்கு எங்களிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறோம்.

பழுதுபார்ப்பு, உள்வேலை, சமையலறை மாற்றம் எதற்கும் இந்தக் காத்திருப்பு கிடையாது. அவற்றுக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரைபட அலுவலகம்