இன்னொரு தரம் நாகசாகிக்குப் போ, மகள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்புள்ள மகளுக்கு,

நாகசாகிக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் ஹஷிமா தீவுக்குப் போய் நீ அனுப்பிய படங்களைப் பாட்டி போனைப் பெரிதாக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவ்வளவு பெரிய கட்டடத்துல யாரு குடியிருந்தது?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. உன் வாய்ஸ் மெசேஜில் கொங்கிரீட் மாடிகளைப் பற்றி நிறைய இருந்தது, ஆட்களைப் பற்றி ஒன்றுமில்லை. அதனால் நானே தேடி வாசித்தேன்.

மொத்தத் தீவும் 6.3 ஹெக்டேர்தானாம். 1959இல் அதற்குள் 5,259 பேர் இருந்திருக்கிறார்கள். 1890இல் மிட்சுபிஷி வாங்கி, கடலுக்கு அடியில் நிலக்கரி வெட்டிய இடம். கீழே 30 பாகை வெப்பம், 95 வீத ஈரப்பதன். மேலே செடி வைக்க மண்கூட இல்லாமல், வெளியிலிருந்து கொண்டுவந்து மொட்டைமாடியில் தோட்டம் போட்டார்களாம். அதை வாசித்தபோது, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் கறிமிளகாய் நட்ட உன் பாட்டிதான் ஞாபகம் வந்தார். பிறகு எண்ணெய் வந்தது, நிலக்கரிக்கு மவுசு போனது. 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள், ஏப்ரலுக்குள் தீவே காலி. 2009இலிருந்து சுற்றுலாப் படகு போகிறது.

யுத்த காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் பிடித்துவந்து அந்தச் சுரங்கத்தில் இறக்கியிருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் தீவைச் சேர்த்தபோது, விருப்பத்துக்கு மாறாக ஆட்கள் கொண்டுவரப்பட்டதை ஜப்பானே சபையில் ஒத்துக்கொண்டது. அந்தக் கதையையும் சொல்வோம் என்று வாக்கும் கொடுத்தது. 2020இல் டோக்கியோவில் ஒரு தகவல் நிலையமும் திறந்தார்கள். ஆனால் அங்கே அது சரியாகச் சொல்லப்படவில்லை என்று அடுத்த வருடமே யுனெஸ்கோ குழு கடும் வருத்தம் தெரிவித்தது. இதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும், மகள். சுற்றிப் பார்க்க வருகிறவனுக்கு இடிந்த சுவர் காணும். அதற்குள் வேலை செய்தவனின் பிள்ளைக்கு அது போதாது.

நம்முடைய மலைநாட்டிலும் இதுதானே நடக்கிறது? துரைமார் பங்களாக்களில் இப்போது வெள்ளைக்காரர் காசு கொடுத்துத் தங்குகிறார்கள். கந்தப்பொலையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டிய மாடிகளில் ஹோட்டல் அறை கட்டியிருக்கிறார்கள். நல்ல அழகுதான், தொழிலும் கிடைக்கிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்த பாட்டியின் காம்பராவைக் காட்ட எவரும் டிக்கட் விற்பதில்லை. ஒரே அறை. அடுப்பும் அதற்குள்தான். தகரக் கூரையின் உள்பக்கம் கரி படிந்து கறுத்திருக்கும், மழை பெய்தால் அந்தக் கரி கரைந்து சுவரில் கோடுகோடாக இறங்கும். விடியற்காலை வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நாங்கள் எந்த நாட்டாரும் இல்லாமல் ஆனதும் அந்த அறைக்குள் இருந்துதான்.

ஹந்தானையில் தேயிலை நூதனசாலைக்குச் சின்ன வயதில் உன்னைக் கூட்டிப்போனேனே, அந்தப் பெரிய இயந்திரங்கள் ஞாபகமிருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி நான் அன்றைக்கே இன்னும் விரிவாகச் சொல்ல ஆசைப்பட்டேன், நீ ஐஸ்கிறீம் கேட்டு அழுதாய்.

சரி, இப்போது ஒரு காரியம். நாகசாகி நகரத்திலேயே, கட்டாயத் தொழிலாளரின் கதையைச் சொல்லும் சிறிய நூதனசாலை ஒன்று 1995 முதல் இருக்கிறது. லீவு கிடைத்தால் அங்கே போய்ப் பார். உனக்கு ஜப்பானிய மொழி தெரியும், அங்கே எழுதியிருப்பதை வாசித்து எனக்குச் சொல்.

அப்புறம், மார்கழியில் வரும்போது நல்ல மைக் ஒன்று வாங்கி வா. பாட்டி பேசத் தயார் என்கிறார், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று பெயர் பெயராகச் சொல்கிறார். என் போனில் பதிந்தால் இரைச்சல்தான் கேட்கிறது. நீ கேள்வி கேட்டால் அவர் இன்னும் சொல்வார்.

அன்புடன்,
அப்பா