எல்லைக்கோட்டில் நின்றுவிடும் விசாரணை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பணியில் சேர்வோரின் குற்றப் பின்னணியைக் காவல்துறை சரிபார்க்கும் முறை குறித்து, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் அல்ல) தமிழ்வழிப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளில் ரேஷன் அட்டை கேரளத்தில் இருக்கும். படித்தது பொள்ளாச்சியிலும், பெண் எடுத்தது ஆனைமலையிலும், பிழைப்பு கோவையிலுமாக இருக்கும். ஆனால் வேலைக்கான விசாரணை நிரந்தர முகவரியைத் தேடி வருவதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு இளைஞர் ஒருவருக்காக வந்த காவலர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஆள் எப்படி என்று கேட்டு, அண்டை வீட்டார் ஒருவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு பத்தே நிமிடத்தில் புறப்பட்டார். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் அந்த இளைஞர் கோவையில் தங்கி வேலை பார்த்தவர். அங்கே விசாரித்தீர்களா என்றதற்கு, அது எங்கள் எல்லை இல்லையே என்றார். அந்த இளைஞர் நல்ல பிள்ளை என்பதை நான் அறிவேன். வந்த காவலர் அதை எப்படி அறிந்தார் என்பதுதான் விளங்கவில்லை.

மத்திய அரசுப் பணிக்கான சான்றுறுதிப் படிவத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களையெல்லாம் எழுதச் சொல்லும் பகுதி உண்டு. காவல் நிலையங்களைக் கணினி வழி இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு 2009 இலேயே ஒப்புதல் கிடைத்தது. ஆகவே தமிழ்நாட்டுப் பக்கத்துக் கே.ஜி.சாவடி காவல் நிலையத்து வழக்கு கேரளப் பக்கத்து வாளையார் நிலையத்துக்குத் தெரியாது என்று இன்று சொல்வதற்கில்லை. எனினும், தமிழ்நாட்டில் தந்தையின் முதலெழுத்தோடும் கேரளத்தில் வீட்டுப் பெயரோடும் பதிவாகும் ஒரே ஆள், பெயரை மட்டும் தட்டித் தேடினால் இரண்டு ஆட்களாகத் தெரிவார். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இந்தக் குழப்பத்தோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டியவன் நான். 2022 இல் தொடங்கப்பட்ட தேசிய விரல்ரேகை அடையாள அமைப்பு இதற்கு உதவக்கூடும். கருவூலம், ஆயுதக் கிடங்கு, எரிசாராயக் கடத்தலைத் தடுக்க வேண்டிய எல்லைச் சோதனைச் சாவடி போன்ற இடங்களுக்காவது பெயரோடு ரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒப்பந்தப் பணியாளர் நிலை இன்னும் கவலைக்குரியது. குழந்தைகளோடு அன்றாடம் பழகும் நிறுவனங்கள், ஆசிரியர், ஆசிரியர் அல்லாதோர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடின்றி ஊழியர் அனைவரின் பின்னணியையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஆனால் விடுதிச் சமையலரும் இரவுக் காவலரும் வேன் ஓட்டுநரும் ஏதோ ஒரு முகமை அனுப்பியவர்களாக வந்து சேரும்போது, அந்த முகமை கொடுத்த ஆதார் நகலுக்கு மேல் எதுவும் கோப்பில் இருப்பதில்லை. நான் பொறுப்பில் இருந்த காலத்திலும் இப்படித்தான் நடந்தது. அன்று நானும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதைச் சொல்வதால், வழக்கு என்ற சொல் வந்த உடனேயே ஒருவரை விலக்க வேண்டும் என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். ஆழியாற்றுத் தண்ணீருக்காகச் சாலையில் அமர்ந்த விவசாயி மகனின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. பணி விண்ணப்பத்தில் குற்ற வழக்கை மறைப்பது பற்றிய அவ்தார் சிங் வழக்கில் 2016 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விண்ணப்பதாரர் வழக்கை மறைக்காமல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றது. அதே தீர்ப்பில், இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்குகளை மறைத்திருந்தாலும் அதிகாரிகள் பொறுத்துக்கொள்ள இடமுண்டு என்றும், பதவி உயர உயர அளவுகோல் கடுமையாக வேண்டும் என்றும் கூறியது. வழக்கு நிலுவையில் உள்ளதா, தண்டனையா, விடுதலையா என்று பிரித்து எழுதாமல் "வழக்கு உண்டு" என்று ஒற்றை வரியில் வரும் அறிக்கையை வைத்துக்கொண்டு நியமன அதிகாரி எதைத்தான் முடிவு செய்வார்?

எனவே பாலக்காடு, கோவை மாவட்டக் காவல்துறைத் தலைமைகள் கலந்து பேசி, எல்லைத் தாலுகாக்களில் விண்ணப்பதாரர் தங்கியிருந்த ஒவ்வொரு பகுதியின் காவல் நிலையத்திடமிருந்தும் அறிக்கை பெறும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். முதற்கட்டமாக வரும் கல்வியாண்டு தொடங்குமுன் எல்லையின் இருபுறத்து மாணவர் விடுதி ஊழியர்களிடமிருந்து இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.